பள்ளத்தாக்கில் அடித்த ஹோர்ன்

இஞ்சேருங்கோ,

நேற்றுப் போட்ட சப்பாத்தைத் துடைத்து வைக்கலாமென்று இன்று காலை கையில் எடுத்தேன். உள்ளி மணத்தது. ஒரு பிடி உள்ளிப்பூண்டை அப்போதுதான் நசுக்கியதுபோல அப்படியொரு மணம். குசினியில் எதையோ மூடாமல் விட்டுவிட்டேனாக்கும் என்று போய்ப் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. சப்பாத்தைத் திருப்பினால் அடியில் நசிந்த பச்சை இலைகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் இருந்துவிட்டேன். நீங்கள் சொன்னது பொய்யில்லை.

நீங்கள் சாமான் வான் ஓடிய காலத்தில் அது தொடங்கியது. கிழமையில் இரண்டு நாள் மரக்கறியும் மீனும் ஏற்றிக்கொண்டு பிரிஸ்டல் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குப் போவீர்கள். ஒருநாள் பெருந்தெருவில் விபத்தென்று உள்வழியால் திருப்பிவிட, வழியில் ஒரு பள்ளத்தாக்கில் வானை ஓரங்கட்டி, நான் கட்டித்தந்த சோற்றைச் சாப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு விபத்தே நடக்காத நாட்களிலும் அந்த வழியால்தான் திரும்பினீர்கள். ஏன் பிந்தி வருகிறீர்கள் என்று கேட்டால் ‘ட்ராஃபிக்’ என்பீர்கள். அந்த ட்ராஃபிக் எவ்வளவு வடிவான இடமென்று வெகுநாளைக்குப் பிறகுதான் வாய்திறந்து சொன்னீர்கள்.

“ஒருக்கா வந்து பாருமன். கீழ ஒரு சின்ன ஆறு, அதுக்கு மேல ஒரு கல்லுப் பாலம். சித்திரை வைகாசியில அந்தப் பள்ளம் முழுக்க உள்ளி மணக்கும்.”

“உள்ளி மணக்கிறதுக்கு ரெண்டு மணித்தியாலம் ஓடோணுமே? குசினிக்க வந்து நில்லுங்கோ, நான் உரிச்சுக் காட்டுறன்.”

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். “அங்க வேற என்னதான் இருக்கு?” என்று கேட்டதற்கு, “ஒண்டுமில்லை. அதுதானப்பா வடிவு” என்றீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஒன்றுமில்லாத இடத்துக்குப் பெற்றோல் எரித்துக்கொண்டு போவதைப் பற்றி மச்சாளிடம் போனில் சொல்லிப் பகிடி பண்ணினேன். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள், கேட்டிருக்கும்.

கடைசியில் போனோம். அதுவும் எப்படிப்பட்ட நாளில் என்று நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு, பின்னேரம் ஐந்து மணிக்கு ஹோலில். “ஆராத்திக்கு முதல் சோடி நீங்கள்தான் மச்சாள், பிந்திப்போடாதேங்கோ” என்று சொல்லியிருந்தா. இரண்டு பெண்கள் சேர்ந்து தட்டுப் பிடிக்கிற அந்த முதல் சோடியில் நிற்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது! காலையிலேயே தலை கட்டுவித்து, பூ வைத்து, சிவப்புப் பட்டுச்சீலையை உடுத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். விடியப் போனால் மத்தியானம் திரும்பலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தீர்கள். சீலை உடுத்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுக்குமென்று மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. வழக்கம்போல முதலே போய்க் காரைச் சூடாக்கிக்கொண்டு இருந்தீர்கள். நான் இரண்டுதரம் ஊசி குத்திக் கழற்றி, பிறகும் மடிப்புப் பிடித்து இறங்கி வரும்வரை ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள்.

போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. மேட்டில் ஒரு மரப் படலைக்குப் பக்கத்தில் காரை விட்டீர்கள். படலையைத் திறந்தால் அப்பால் பாதை புல்லுக்குள்ளால் இறங்கி, கீழே மரக் கூட்டத்துக்குள் போய் மறைந்தது. செம்மறிகள் நின்றன. வேறு ஒருவரும் இல்லை. நான் கார்க் கண்ணாடியைக் கீழே பதித்து வெளியே பார்த்துவிட்டு, உடனே மணியைப் பார்த்தேன்.

“நீர் இதில இரும். நான் கீழ போய் எப்பிடி இருக்கெண்டு பாத்திட்டு வாறன்,” என்றீர்கள்.

“கெதியா வாங்கோ, நேரம் போகுது.”

டிக்கியைத் திறந்து ஒரு கார்ட்போர்ட் பெட்டியை எடுத்தீர்கள், வெண்டிக்காய் வந்த பெட்டி. அதைப் பிரித்துத் தட்டையாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினீர்கள். இந்த மனிசன் எதற்கு அதைக் காவிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நீங்கள் மெல்ல மெல்லச் சின்னதாகி மரங்களுக்குள் போய்விட்டீர்கள்.

எனக்கு ஆராத்தித் தட்டுத்தான் கண்ணுக்குள் நின்றது. நான் பிந்தினால் அந்த இடத்தில் வேறு யாரைப் பிடித்து விடுவார்கள், யார் என்ன கதைப்பார்கள், எல்லாம் அந்தக் காருக்குள் இருந்தபடியே எனக்குக் கேட்டது. கையை எட்டி ஹோர்னை அமத்தினேன். ஒருமுறை அல்ல. அந்த அமைதிக்குள் அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்டதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள்தான் கீழே நின்று கேட்டீர்கள். செம்மறிகள் எல்லாம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன.

நீங்கள் ஏறி வந்தீர்கள், கையை வீசிக்கொண்டு. உங்கள் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினேன். இல்லை.

“கீழ ஒரே சேறு. உம்மட சீலை பழுதாப் போயிருக்கும். மேலயிருந்து பாத்ததே காணும், போவம்,” என்று சொல்லிக் காரை எடுத்தீர்கள்.

ஐந்து மணிக்கு ஹோலில் நின்றோம். கதிரைகள்கூட அடுக்கி முடியவில்லை. பிள்ளையை மேடைக்குக் கொண்டுவந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. எந்தக் கொண்டாட்டத்துக்குக் கார்டில் போட்ட நேரத்துக்கு நாங்கள் தொடங்கியிருக்கிறோம்? எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் ஹோர்ன் அடித்தேன். நீங்கள் பின் வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு றோல்ஸ் சாப்பிட்டீர்கள். அப்போது உங்கள் சப்பாத்தைப் பார்த்தேன். அதில் சேறு ஒரு பொட்டும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் வந்து கேட்டிருக்கலாம். மச்சாள் கூப்பிட்டா, தட்டைப் பிடிக்கப் போய்விட்டேன்.

இன்னொருநாள் போவோம் என்று நானும் சொல்லவில்லை, வாரும் என்று நீங்களும் பிறகு கேட்கவில்லை. அடுத்த மாசியில், வேலைக்கு வெளிக்கிட்ட காலையில், கோட்டைப் போட்டபடியே வாசல் நடையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். அந்த ஹோர்னைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்குமோ என்பதும் தெரியாது.

நீங்கள் போனபிறகு ஒரு விஷயம் நடந்தது, அல்லது நடக்காமல் விட்டது. ஆராத்திக்கு என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. மச்சாள் கெட்டவ இல்லை. கார்ட் கொண்டுவந்து கையில் தருவா, முன் வரிசையில் இருத்துவா, சாப்பிட்டீங்களோ என்று மூன்றுதரம் கேட்பா. தட்டை மட்டும் வேறு கைக்குக் கொடுப்பா. சோடியாக நிற்பதற்குப் புருசன் உள்ள பெண்கள் வேண்டும். முதல் தடவை எழும்பப் போய்விட்டு, சீலைத் தலைப்பைச் சரிபண்ணுவதுபோலத் திரும்ப இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. அந்தத் தட்டைப் பிடிக்கிற உரிமை எனக்கு உங்களால் வந்தது. அதைப் பிடிக்கப் போவதற்காக உங்களையே ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டிருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

நேற்றும் ஒரு கலியாணம். நான் இல்லாமலே நடக்கும் என்று சொல்லிவிட்டு, எங்கள் மகளைப் பிடித்து அந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். உங்கள் காரை இப்போது அவள்தான் ஓடுகிறாள். உள்வழிகளில் இரண்டுதரம் வழி பிழைத்துத் திரும்பி, கடைசியில் அதே மரப் படலையைக் கண்டுபிடித்தோம். அவளுடைய காற்சட்டையும் தடித்த மேற்சட்டையும் எனக்கு. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

“நானும் வரட்டே அம்மா?”

“வேண்டாம் பிள்ளை. நீ இதில நில்.”

“ஓகே, நோ ஹரி. மெல்ல வாங்கோ, நான் நிக்கிறன்.”

இறங்கினேன். மேலிருந்து பார்க்கத் தூரமாகத் தெரிந்தது, நடக்க அவ்வளவு இல்லை. மரங்களுக்குள் போனதும் நிலமெல்லாம் பச்சை இலை, நடுவில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெள்ளைப் பூ. கால் பட்ட இடமெல்லாம் உள்ளி மணம் எழும்பியது. சேறு கொஞ்சம் இருந்தது, உங்களுடைய ‘ஒரே சேறு’ அங்கே இல்லை. அடுத்த வளைவில் பாலம். கார் போகாத சின்னப் பாலம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் கல்லுக் கட்டு. ஒரு பக்கக் கட்டு ஒரு இடத்தில் அகன்று, இரண்டு பேர் நெருங்கி இருக்கக்கூடிய அளவில் இருந்தது. நீங்கள் சோறு சாப்பிட்ட இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

கையை வைத்தேன். பாசி பிடித்து, ஊறி, குளிர்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.

கக்கத்தில் மடித்துக்கொண்டு போன கார்ட்போர்ட். திரும்பி வரும்போது உங்கள் கையில் அது இல்லை.

எனக்கு இருக்க இடம் போட்டுவிட்டு, கூப்பிடத்தான் திரும்பியிருக்கிறீர்கள். நான் முந்திக்கொண்டு கூப்பிட்டுவிட்டேன்.

அந்த ஈரக் கல்லில் ஒன்றும் போடாமல் இருந்தேன். ஆறு என்று சொன்னீர்களே, அது ஒரு வாய்க்கால் அளவுதான். தண்ணீர் சத்தம் கேட்டது, ஒரு குருவி கத்தியது, வேறு ஒன்றுமில்லை. காற்சட்டை நனைந்து குளிர் ஏறும்வரை இருந்து அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சத்தமாகவும் சொன்னேன். யாரும் இல்லாத இடம்தானே, வெட்கம் வரவில்லை.

ஏறி வந்தபோது மகள் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டு இருந்தாள். எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. அவள் மணியும் பார்க்கவில்லை, போனும் அடிக்கவில்லை.

“கீழ என்னம்மா இருக்கு?”

“ஒண்டுமில்லை,” என்றேன். “அடுத்தமுறை நீயும் வா.”

திரும்பி வரும் வழியில் முழுக்க ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எத்தனை கலியாணம், எத்தனை கோயில், எத்தனை செத்த வீடு. எல்லாவற்றுக்கும் நீங்கள் வாசலில் காரில் இருந்து காத்திருந்தீர்கள். நான் சீலை மாற்றி, தோடு தேடி, அடுப்பு நிற்பாட்டினேனோ என்று திரும்ப ஓடி, மெல்ல வருவேன். ஒரு நாளாவது நீங்கள் ஹோர்ன் அடித்ததாக எனக்கு நினைவில்லை.

சப்பாத்தை நான் துடைக்கவில்லை. அப்படியே நடையில், உங்கள் சப்பாத்து இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரங்களில் மகள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போக வருவாள். அவளும் உங்களைப்போலத்தான், வாசலில் காரை விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். நீங்கள் போனபிறகு, அவள் வருவதற்கு வெகுநேரம் முதலே நான் வெளிக்கிட்டு, கோட்டையும் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.