ஆறு மணிப் புலியும் சோப்ரா வீட்டு விரதமும்

அக். 10, ஞாயிறு

மாலையில் லேசான குளிர். மின்விசிறி இன்னும் துடைக்கவில்லை. மனைவி கமலா இரண்டு முறை சொல்லியாயிற்று.

இந்த டைரியை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. படிக்கும் நானும் நம்பப் போவதில்லை. ஆனாலும் சத்தியம் செய்து தொடங்குகிறேன்: டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பு, இரண்டாவது மாடி, என் வயிற்றுக்குள் ஒரு புலி வசிக்கிறது. பகலெல்லாம் தூக்கம். மாலை ஆறு மணிக்கு எழுந்து உறுமும். நேற்று உறுமியதில் கீழ்வீட்டு டிவியில் படம் ஆடியது.

காரியம் இதுதான். தங்கை சாந்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதமாக எங்களோடு. வாரம் இருமுறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். என்னுடையது பொருந்துகிறது. வேறு யாருடையதும் பொருந்தவில்லை. தடை, என் தொப்பை. மூன்று கிலோ குறையாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்கிறார் டாக்டர். நவம்பர் 3 எடை பார்ப்பார். தவறினால் மறுபடி வரிசை, பல மாதம். அவளுக்கு அத்தனை மாதம் உண்டா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார்.

அக். 11, திங்கள்

ஆபீஸ் வாசலில் பிரெட் பக்கோடா. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

எதிர்வீட்டு சோப்ராவின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் பாபிஜி, நேற்றிலிருந்து நவராத்திரி விரதம். அரிசி, கோதுமை, வெங்காயம் எதையும் தொடமாட்டாராம். அடடா, இதுவன்றோ வழி. விரதம் என்றால் நமக்குத் தெரியாதா, பட்டினி. துணையோடு பட்டினி கிடந்தால் புலி வெட்கப்பட்டு ஓடிவிடும். படிக்கட்டில் நின்று, நானும் விரதம் என்று பிரகடனம் செய்தேன். மதராசி பாயிசாப், அதாவது நான், துர்கா மாதாவுக்கு விரதம் இருக்கிறாரே என்று பாபிஜிக்குக் கண் கலங்கிவிட்டது.

கமலா: "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? நான் குடுக்கற கஞ்சியக் குடிச்சாப் போதாதா?"

அற்ப மானிடப் பேச்சு.

அக். 12, செவ்வாய்

பகல் முழுக்க வெறும் டீ. ஆறு மணிக்குப் புலி எழவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பாபிஜி, கையில் தட்டு. ஜவ்வரிசி வடை. நெய்யில் பொரித்த உருளைக்கிழங்கு. குட்டு என்று ஒரு கறுப்பு மாவில் பூரி. தாமரை விதைப் பாயசம்.

"குச் நஹீ ஹோத்தா, பாயிசாப். வ்ரத் கா கானா ஹை."

விரதச் சாப்பாடாம், ஒன்றும் செய்யாதாம். இவர்கள் விரதத்தில் தானியத்துக்குத்தான் தடை, சாப்பாட்டுக்கு இல்லை. ஊரறிய விரதம் எடுத்தவன் பிரசாதத்தை மறுப்பதா?

சாந்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் அளவுதான். சின்ன டம்ளரில் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ளேயே வைத்திருந்து, மெல்ல விழுங்குவாள். வடையை நானும் அப்படி வைத்திருக்கப் பார்த்தேன். இறங்கிவிட்டது.

அக். 14, வியாழன்

தட்டு மூன்றாம் நாளாக. பூரி கூடுதல். ராம்லீலா ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. பேன்ட் கொக்கி மாட்டவில்லை, சலவையில் சுருங்கியிருக்கும்.

அக். 15, வெள்ளி

ஐ.என்.ஏ. மார்க்கெட். வாழைத்தண்டு வாங்கப் போனேன். காசு போட்டால் சீட்டு தரும் எடை மெஷின் ஒன்று வெளியே. ஒரு கிலோ ஏறியிருக்கிறது. வேறொரு மெஷின் தேடினேன். அதுவும் துரோகி.

அந்தத் துக்கத்தில், நம் ஊர்க் கடையில் சூடாக வறுத்துக்கொண்டிருந்த நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம். மீன்கடைப் பக்கம் திரும்பி நின்று முழுக்கத் தின்றேன். ருசியே தெரியவில்லை. கை மட்டும் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. இது பசி இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. வாழைத்தண்டு வாங்க மறந்துபோயிற்று.

அக். 16, சனி

கமலா பக்கத்து பிளாக்கில் கொலு பார்க்கப் போயிருந்தாள். நேற்றைய கதையைச் சாந்தாவிடம் விரித்தேன்: மார்க்கெட்டில் வறுவல் சட்டி கவிழ்ந்து, எண்ணெய் வெள்ளத்தில் பேருந்துகள் மிதந்து, ஊரைக் காக்க நான் அத்தனை வறுவலையும் தின்று தீர்த்த கதை. சிறு வயதிலிருந்தே என் கப்சாவுக்கு முதலில் சிரிப்பவள் அவள்தான். இன்று சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, ஆபரேஷனுக்குப் பயமா இருந்தா வாயால சொல்லிடு. தின்னு தின்னு சொல்லாத."

மின்விசிறி இன்னும் துடைக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

"நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எனக்கும்தான் பயமா இருக்கு."

பால்கனிக்குப் போய்விட்டேன். கீழே ஏழிலைப்பாலை மரம் பூத்து மூச்சு முட்டும் வாசனை. புலி உறுமவில்லை.

அக். 17, ஞாயிறு

தட்டு வந்தது. வாங்கவில்லை. வாசலிலேயே நின்று, எதற்காக எடை குறைய வேண்டும் என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். பாபிஜி தட்டையும் என்னையும் பார்த்தார். "பெஹன் கே லியே?" தங்கைக்கா என்று ஒரே கேள்வி. திரும்பிப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். கால் மணியில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு வந்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளோடு எங்கள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு மணி வரை காவல். எல்லைப் பாதுகாப்புப் படை கற்றுக்கொள்ள வேண்டும்.

அக். 25, திங்கள்

கஞ்சி. வெள்ளரி. கஞ்சி. ஸ்வெட்டரில் ஒரு கை முடிந்தது. ஆறு மணியானால் அதன் பின்னல்களை எண்ணுகிறேன். சாந்தாவுக்குக் கால் வீக்கம் அதிகம். செருப்பு நுழையவில்லை.

நவ. 2, செவ்வாய்

ஆபீஸில் தீபாவளி டப்பாக்கள். என் மேஜைக்கு வந்ததை ஒரு சக ஊழியரின் பைக்குள் திணித்துவிட்டு ஓடிவந்தேன். இரவு தூக்கமில்லை.

நவ. 3, புதன்

பனி. மெஷின் மேல் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் சாந்தா. என்ன ஆயிற்று என்று கேட்டாள். மெஷின் என் பாதம் தொட்டு வணங்கியது, டாக்டர் மாலை போட்டார், புலி அழுதுகொண்டே ரயிலேறிப் போயிற்று என்றேன். சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

புலி, வெள்ளம், மாலை எல்லாம் கப்சா. திரும்பும் வழியில், ஆட்டோ சத்தத்தில், அவள் காதருகே குனிந்து, "பயமா இருக்கு சாந்தா" என்று சொன்னேன். அது மட்டும் நிஜம்.