காந்தம் ஒட்டாத கல்

ஞாயிறு, 13 ஜூலை 2003

இன்று எதிர்வீட்டு பாபு முன்னால் என் மானம் போயிற்று. சண்டூர்ப் பக்கம் இரும்புச் சுரங்கத்தில் வேலை பழகும் என் மகள் செல்வி, லீவுக்கு வரும்போது ஒரு கறுப்புக் கல் கொண்டுவந்தாள். "அசல் இரும்புக்கல்லு, கப்புனு ஒட்டும் பாரு" என்று பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் வைத்தேன். ஒட்டவில்லை. திருப்பி வைத்தேன். அப்போதும் இல்லை.

"எச்சில் தொட்டு ஒட்டு குரு" என்றான் பாபு.

செல்வி சிரித்தாள். "காந்தத்துல ஒட்டுறது மேக்னடைட்டுப்பா. இது ஹெமடைட். இரும்பு நிறைய இருக்கும், ஆனா காந்தத்துக்கு மசியாது." பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய டைலைக் கவிழ்த்து, சொரசொரப்பான பின்பக்கத்தில் கல்லை இழுத்தாள். கறுப்புக் கல் செங்கல் நிறத்தில் கோடு போட்டது. அங்கே மலை முழுக்க இதுதானாம். அவள் துணி அலசிய தண்ணீர் ஏன் சிவந்தது என்று இப்போதுதான் புரிந்தது.

பாபு போனதும் மெதுவாகக் கேட்டாள். "அங்கயே பர்மனென்ட் பண்றாங்களாம். போகட்டுமாப்பா? நீ தனியா இருப்பியே."

"போம்மா. உங்கம்மா போனதுல இருந்து சமையல்ல நான்தான் ராஜா."

மத்தியானம் என் சாம்பாரைத் தின்றவள் அவள். என்னையே பார்த்தாள். "உன்னத் தேய்ச்சா என்னா கலருப்பா வரும்?"

சிரித்து மழுப்பினேன்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ் கிளம்பும்வரை தண்ணீர் பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் டைல் கூடத்திலேயே கிடக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

போகாதே செல்வி என்பது வாய்வரை வந்தது.