கதிரை வைத்த இடத்துப் புல்

இஞ்சேருங்கோ,

நாற்பது வருசமாக இப்படித்தான் கூப்பிட்டேன், நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள். எழுதும்போது மட்டும் பேர் சொல்ல வருமா?

இங்கே ரொக்ஸ்பரோவில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. முன்வீட்டு மேப்பிள் மரத்துக்கு வழக்கம்போல எல்லா மரத்துக்கும் முதல் அவசரம். நீங்கள் என்னை விட்டுப் போய் மூன்று மாதம். குளிருக்கு முன் புல்லைத் தயார் பண்ணுகிற வேலை இந்த வருசம் என் தலையில்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் கோடை நினைவிருக்கிறதா? நீங்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, வாசற்படிக்கு முன்னால் நின்ற புல்லையெல்லாம் மண்வெட்டியால் செருக்கி, கூட்டி, தண்ணீரும் தெளித்து வைத்தேன். ஊரில் முற்றத்தில் புல் நின்றால் அது ஆளில்லாத வீடு. எனக்கு அவ்வளவுதான் தெரியும். பின்னேரம் நீங்கள் வந்து பார்த்தீர்கள்.

"இஞ்சேரப்பா, இஞ்ச புல்லில்லாட்டித்தான் ஆளில்லாத வீடு எண்டு நினைப்பினம்," என்றீர்கள். அடுத்த நாளே விதை வாங்கி வந்து போட்டீர்கள். ஒரு சொல் ஏசவில்லை. அதுக்குப் பேந்து இருபது வருசம் வாற போற சனத்துக்கெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள், அது வேறு கதை.

இந்தக் கோடையில் கடைசி நாள் வரைக்கும் பின்வளவில் ஒரே இடத்தில் கதிரையைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லில் கால் வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். மருந்தால் வந்த கால் எரிச்சலுக்குப் புல் குளிர்ச்சி என்றீர்கள். "அப்பா, கதிரையை மாத்திப் போடுங்கோ, புல்லுச் சாகுது," என்றாள் உங்கள் மகள் மயூரி. "நான் எழும்பின பிறகு முளைக்கும்," என்றீர்கள். அவள் உள்ளே போய் அழுதது உங்களுக்குத் தெரியாது.

புல் செத்துத்தான் போனது. கதிரைக் கால் நாலும், உங்கள் பாதம் இரண்டும் பட்ட இடம் வெறும் மண். அதை நான் யாரையும் தொட விடவில்லை. அங்கே புல் மூடினால் இது ஆளில்லாத வீடாகிவிடும் என்று பயந்தேன். பைத்தியக்காரி என்று நினைக்கிறீர்களா?

போன மாதம் லொங்குய்யில் இருக்கிற மயூரி வந்தாள். "அம்மா, இந்தக் கிழமை விதை போடாட்டி குளிருக்கு முளைக்காது. பேந்து பனி கரைய எல்லாம் சேறாப் போகும். அப்பாட கால் அடையாளமும் போயிடும்."

விட்டாலும் போகும், விதைத்தாலும் போகும். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. காலையில் புல்லைக் கட்டையாக வெட்டினேன், வெட்டினதை வாரினேன். அந்த ஆறு இடத்தையும் கையால் மெல்லக் கீறி, கீரை விதைக்கிறது போல விதையை மணலோடு கலந்து தூவினேன். சின்னச்சீரகம் மாதிரி விதை, உயிர் இருக்கிறதென்று சொல்லவே முடியாது. காலையும் பின்னேரமும் தண்ணீர் விட்டேன்.

பத்தாம் நாள் விடிய, மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். தேத்தண்ணியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பழைய புல் கோடை வெயிலில் மங்கிக் கிடக்கிறது. நடுவில் புதுப் புல், இளம்பச்சையாக, நாலு புள்ளி, இரண்டு பாதம். வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி இருக்கிறது, நீங்கள் கதிரையில் இருக்கிறது போலவே.

தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டுக் கும்பிட்டேன். எத்தனை கோயிலில் நின்றிருக்கிறேன், இப்படி ஒருநாளும் தானாகக் கை குவியவில்லை. இந்தக் குளிரிலும் முளைக்க வேண்டுமென்று அந்த மண்ணுக்கு யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை மயூரி வந்து பார்த்தாள். புல் ஓரத்திலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குந்தினாள். "அம்மா, அப்பா எழும்பிட்டார்," என்றாள்.

வசந்தத்தில் அது மற்றப் புல்லோடு கலந்துவிடுமாம். கலக்கட்டும். பனி மூடும் வரை அதில் விழுகிற இலையை ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுப்பேன். வாற கோடையில் அதே இடத்தில் கதிரையைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நான் இருப்பேன். புல் தேய்ந்தால் தேயட்டும், எனக்கு விதைக்கத் தெரியும்.

புல்லுச் செருக்கின உங்கட மனிசி