ஏழாம் நாளுக்குக் கீழே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இல்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. கன்றை இழுத்ததில் பிசகிய மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறதா? மாட்டு வைத்தியம் பார்க்கிற உனக்கு உன் கையைப் பார்க்க நேரம் இருக்காது. தயவுசெய்து ஒரு மனித டாக்டரிடம் போ.

பண்ணையில் உனக்குக் கொடுத்த மெமோவை இரண்டு முறை படித்தேன். மருத்துவர் தாமதமாக வந்ததால் தாய்ப்பசு இறந்தது என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் நீ அனுப்பிய கன்றுகளின் எடைப் பட்டியலைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு கிலோ, அறுபத்தொன்று, இப்போது அறுபத்தேழு. மற்ற ஐந்தும் நாற்பதைத் தாண்டவில்லை. காளை சரியில்லையா, தீவனம் அதிகமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லையடா. மாடுகளின் காதில் மாட்டியிருக்கும் எண்களை என் நோட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். பெருத்த மூன்றும் எங்கள் புதுத் திரவத்தில் வளர்ந்தவை.

தட்டில் மாடு வளர்க்கிறாய் என்று என்னைக் கேலி செய்வாயே, அது கிட்டத்தட்ட உண்மைதான். கருமுட்டையைத் தட்டில் கருவுறச் செய்து, ஏழு நாள் இன்குபேட்டரில் வைத்து, பிறகு உங்கள் பசுக்களுக்கு அனுப்புகிறோம். அந்த ஏழு நாளும் அந்தத் திரவம்தான் கருவுக்குத் தாய் வயிறு. போன வருடம் நூற்றுக்கு இருபதுதான் ஏழாம் நாள்வரை தேறின. எங்கள் ஆய்வகத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. (முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை ‘சதவீதம்’ என்றுதான் சொல்வோம்.) திரவத்தில் சீரம் சேர்க்கச் சொன்னார், ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்குமே, அதுதான். சேர்த்ததும் முப்பத்தைந்து தேறின. சில ஒரு நாள் முந்தியே தயாராகிவிட்டன.

அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தச் சில நாளில்தான் முடிவாகிறது. அதைக் கலைத்தால் தட்டில் ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து வயிற்றில்தான் தெரியும். இப்படி ஆட்டுக்குட்டிகளும் கன்றுகளும் பெருத்துப் பிறந்ததைப் பற்றிய கட்டுரைகளை அவர் மேசையில் வைத்தேன். கரடியாகக் கத்தினேன். பாதி மாடுகளுக்காவது பழைய திரவம் இருக்கட்டும் என்று மன்றாடி வாங்கினேன். அவ்வளவுதான் முடிந்தது.

நேற்று உன் பட்டியலோடு மறுபடியும் போய் நின்றேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “ஏழாம் நாளோட நம்ம கணக்கு முடிஞ்சுதும்மா. அப்புறம் வர்றதெல்லாம் டாக்டர் பாடு” என்றார். டாக்டர் என் தம்பி என்பது அவருக்குத் தெரியும். கருக்கள் அனைத்தும் முதல் தரம், கன்று ஈன்றபோது பார்த்த மருத்துவரிடம்தான் குறை என்று பண்ணைக்கு ஓர் அறிக்கை போக வேண்டுமாம். அதையும் என்னையே டைப் செய்யச் சொன்னார். முடியாது என்றேன். இன்குபேட்டர் கதவைக்கூட அறைந்து சாத்த முடியாத வேலை என்னுடையது. உள்ளே இருப்பவை அதிரும். கழிப்பறைக்குப் போய் அந்தக் கதவை இரண்டு முறை அறைந்துவிட்டு வந்தேன்.

என் மேலும் எனக்குக் கோபம்தான். அந்த ஒவ்வொரு தட்டிலும் சீரத்தை விட்டது என் கை. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். செய்வதையும் செய்துவிட்டு, எதிர்த்துப் பேசினோமே என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். பழி உன் தலையில் விழுந்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் பக்கங்களின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். தேதி, திரவம், காது எண், என் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. உன் எடைப் பட்டியலோடு சேர்த்து, அந்த மெமோ மேல் நடக்கப்போகும் விசாரணையில் கொடு. அக்காவுக்கு வேலை போய்விடுமே என்று அலமாரியில் பூட்டி வைத்துவிடாதே. நீ அப்படிச் செய்யக்கூடியவன். வேலை போனால் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமானது. இன்னும் கன்று ஈனாத மாடுகளில் நான்கு, சீரத் தட்டிலிருந்து வந்த கருவைச் சுமப்பவை. 214, 219, 230, 233. அடுத்த வாரத்திலிருந்து அவை ஈனும் நாள் நெருங்குகிறது. இழுத்துப் பார்க்காதே. வலி எடுத்ததும் வயிற்றைத் திறந்து எடுத்துவிடு. கை ஒத்துழைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரை இப்போதே சொல்லி வை. பண்ணைக்காரர் மறுத்தால் இந்தக் கடிதத்தையே காட்டு. தாயா கன்றா என்று வந்துவிட்டால் தாயைக் காப்பாற்று. அது எங்களிடம் எதையும் கேட்கவில்லை.

உன் கை சீக்கிரம் குணமாகட்டும். நான்கு பசுக்களும் எழுந்து நிற்கட்டும். நின்றதும் எனக்கு ஒரு வரி எழுது, கன்றுகளின் எடையையும் சேர்த்து. என் நோட்டில் ஏழாம் நாளுக்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா