வாடை இல்லை

ஜூன் 3, செவ்வாய்

காய்ச்சல் விட்டு இன்றுதான் வேலைக்குத் திரும்பினேன். கட்டுப் போடும் அறை நான் விட்டுப்போன லட்சணத்திலேயே இருந்தது. நல்ல கத்தரிக்கோலை மட்டும் காணோம்.

காலையில் பால் தீய்ந்து பாத்திரமே கருகிவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து ஓடிவந்து, "மூக்கு இருக்கா, கழட்டி வச்சுட்டியா?" என்றார்.

இருக்கிறது. வேலைதான் செய்யவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பினாயில், வெங்காயம், என் வியர்வை — எதன் வாடையும் வரவில்லை. வேறு வேலை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். புண்ணைக் கழுவிக் கட்டுகிறவள் நான். சீழ் கண்ணில் படும் முன்பே மோப்பம் பிடித்துவிடுவேன் என்று சர்ஜன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பெயரால்தான் இந்த அறை என் பொறுப்பில் இருக்கிறது. விஷயம் தெரிந்தால் ஸ்டோரில் பஞ்சு எண்ண அனுப்பிவிடுவார்கள்.

சொல்ல வேண்டாம். தானாக வந்துவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

சலூன்காரர் வந்தார். சர்க்கரை நோயாளி, என் காய்ச்சலுக்கு முன்பிருந்தே என்னிடம்தான் கட்டு மாற்றிக்கொள்கிறார். வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே ஆழமான புண். அந்தக் காலில் உணர்ச்சி செத்துவிட்டது, ஆணி ஏறினாலும் தெரியாது. புண் எலும்புக்குள் இறங்கினால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று சர்ஜன் முதல் நாளே சொல்லிவிட்டார். காலை ஊன்றாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். நாள் முழுக்க நின்று முடி வெட்டும் மனிதரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

கட்டைப் பிரித்தேன். விளிம்பைப் பார்த்தேன், புறங்கையால் சூடு பார்த்தேன், பழைய துணியில் கசிவின் நிறத்தைப் பார்த்தேன். சுமார். சர்ஜன் வாசலில் நின்றபடியே, "வாடை?" என்றார்.

"இல்ல சார்."

எனக்கு இல்லை. அதைப் பொய் என்று சொல்ல முடியுமா? முடியும்.

ஜூன் 13

அவருக்கு வலி தெரியாது, எனக்கு வாடை தெரியாது. நல்ல பொருத்தம்.

ஜூன் 17

சலூன்காரருக்கு ஒரே உற்சாகம். காலை நீட்டியதிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட கேக்கவே வேணாம் சிஸ்டர், உங்க மூஞ்சியே சொல்லுது." சிரித்து வைத்தேன்.

கசிவு கொஞ்சம் கூடுதல்தான். வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

"வாடை?"

"இல்ல சார்."

ஜூன் 20, வெள்ளி

குளிர்காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். கட்டைப் பிரிக்கும்போதே அடுத்த மேசை சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் எங்கேயோ நிற்கிறாள். நான் அதன் மேலேயே குனிந்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

கட்டின் அடிப்பக்கம் தேய்ந்து கருத்திருந்தது. "யாரு உங்கள நிக்கச் சொன்னா?" — கத்திவிட்டேன்.

"முன்னாடியெல்லாம் கட்டைப் பிரிச்சதும் மூக்கைச் சுளிப்பீங்க சிஸ்டர். காய்ச்சலுக்கு அப்புறம் சுளிக்கவே இல்ல. சரி, ஆறிடுச்சுன்னு நெனச்சேன். போன வாரத்துல இருந்து கடைக்குப் போறேன்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு விவரம் சொன்னார்.

ஐயோ. நான் சுளிப்பேன்னே எனக்குத் தெரியாதே!

அப்போதே சர்ஜனிடம் சொல்லிவிட்டேன். எரிந்து விழுவார் என்று காத்திருந்தேன். "முதல்லயே சொல்லியிருந்தா பக்கத்து சிஸ்டர மோந்து பாக்கச் சொல்லியிருப்பேன். அவ்ளோதானே?"

அவ்வளவுதான். அவ்வளவுதானா? அதுக்கா இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன்?

ஜூன் 21

கட்டைவிரல் போயிற்று. கால் தப்பியது.

ஜூன் 24

சலூன்காரரிடம் மூக்கு விஷயத்தைச் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் உங்க மூஞ்சிய நம்பி…" நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 8

கடையிலிருந்து கைக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறார். முடி வெட்டி முடித்ததும் பிடரியைக் காட்டுவார்களே, அது. அதைப் பிடித்து உள்ளங்காலைத் தானே பார்க்கிறார். "லைட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க." என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதுதான் சரி. இருந்தாலும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கட்டைப் பிரிக்கக் குனிந்தேன். ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது. சவரச் சோப்பு. அவர் கையிலிருந்து.

"கடைக்குப் போனீங்களா?"

கண்ணாடி தாழ்ந்தது. "உக்காந்துதான் வெட்டுறேன் சிஸ்டர். சக்கரம் வச்ச ஸ்டூல் வாங்கிட்டேன். சத்தியமா இந்தக் காலை ஊன்றதே இல்ல." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார். "அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க."

புண்ணருகே மூக்கைக் கொண்டுபோய் நன்றாக இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். அப்படியும் நம்பாமல் அடுத்த மேசை சிஸ்டரையும் கூப்பிட்டேன். அவளும் மோந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடை இல்லண்ணே" என்றேன்.