உன் பெயர் எழுதிய படகு

அன்பு மகள் தாபேயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மௌரி, நலம் உண்டாகட்டும். நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டும் காய்ச்சல் தடுமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இருந்தாலும் இந்தக் கடிதம் ஆக்லாந்து வந்து சேர்வதற்குள் குணமாகியிருக்கும். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். கடலும் சுகம், போன பௌர்ணமிக்குக் கடைவாசல் வரை வந்து நலம் விசாரித்து, அடியடுக்கில் இருந்த மாவு மூட்டை இரண்டை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். தலைநகர் தாரவாவிலிருந்து இருபது பேர் வந்து, ரிப்பன் வெட்டி, ஆறு பன்றியைத் தின்று, ஆட்டம் பார்த்துவிட்டுத் திறந்துவைத்த செல்போன் கோபுரம் பிப்ரவரிக் காற்றில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு சின்ன சாமான் வேண்டுமாம், அடுத்த கப்பலில் வருமாம். எந்தக் கப்பலுக்கு அடுத்த கப்பல் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

உன் அப்பா வழக்கம்போலக் காலையும் மாலையும் தென்னை ஏறிக் கள் இறக்குகிறார், உச்சியில் உட்கார்ந்து பாடுகிறார், குரல் மட்டும் இன்னும் கப்பலில் வேலை பார்த்த நாள் போலவே இருக்கிறது. அவருடைய சைக்கிள் போய்விட்டது. யாரோ தூரத்துச் சொந்தக்காரன் வந்து உறவு முறையில் கேட்கிறேன், புபுசி என்று ஒரு வார்த்தை சொன்னானாம், இவர் சிரித்துக்கொண்டே மணியைக்கூடக் கழற்றாமல் கொடுத்துவிட்டார். உனக்குத் தெரியாததா, கேட்பவனும் உறவு, கேட்கப்படுபவனும் உறவு, இல்லை என்று சொன்னவன் மட்டும் எந்த உறவும் இல்லாதவன். நம் தீவில் கடை வைத்த ஒன்பது பேரில் எட்டுப் பேரின் கடை அலமாரிகள் காலியானது கடல் பொங்கியோ களவு போயோ இல்லை, சொந்தக்காரர்கள் அன்பாக வந்து வாய் திறந்து கேட்டுத்தான். ஒன்பதாவது கடை மட்டும் எப்படி நிற்கிறது என்பது உனக்கும் எனக்கும் தெரியும், அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

ஊர் நடப்பு கேட்டிருந்தாய். நாட்டின் பொருளாதாரம் அமோகம். நம் கடலில் மீன் பிடிக்க அயல்நாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் விற்கிறோம், அவர்கள் பிடித்து டப்பாவில் அடைத்துப் படம் ஒட்டி அனுப்புகிறார்கள், அதை நான் வாங்கி, கடலைப் பார்த்தபடி வீடு கட்டியிருக்கிற நம் ஆட்களுக்கே விற்கிறேன். நம் மீன் பார்த்த ஊரை நாம் பார்த்ததில்லை. கொப்பரையை அரசாங்கம் உலகச் சந்தையைவிடக் கூட்டிக்கொடுத்து வாங்கிக் குறைத்து விற்கிறது. நான் அப்படி வியாபாரம் செய்தால் பைத்தியம் என்று கட்டிப்போடுவார்கள், அவர்கள் செய்தால் அதற்குத் திட்டம் என்று பெயர். குறை சொல்லவில்லை அம்மா, கொப்பரைக் காசு நேராக என் கடைக்குத்தான் வருகிறது, ஒரு நாட்டின் கொள்கை முழுவதும் என் கல்லாவைப் பார்த்து அமைந்திருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம். பூகோளமும் அமோகம். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேறு நாட்டு விமான நிலையத்தில் இறங்கி ஏற வேண்டும், அவ்வளவு பெரிய நாடு, தரை மட்டும்தான் கொஞ்சம் குறைச்சல். நம் தீவில் ஒரு பக்கக் கடலோரம் இருமினால் மறுபக்கக் கடலோரம் கேட்கும், தீவிலேயே உயரமான இடம் என் கடையில் அரிசி மூட்டை அடுக்கிய இடம்தான். நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் தேதிக் கோட்டையே பேனாவால் கிழக்கே தள்ளி வைத்தார்கள், கிழக்குத் தீவுக்காரர்களுக்கு ஒரு நாள் முழுசாகக் காணாமல் போயிற்று, எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பூமிமேல் போட்ட கோட்டை நகர்த்திய அரசாங்கத்தால், கப்பல் சாமான் கரைக்கு வரும் நம் கடல்வழியில் நட்டநடுவே நிற்கிற ஒரே ஒரு பாறையை நகர்த்த முடியவில்லை.

அந்தப் பாறையை உடைப்பேன் என்றுதான் உன் மாமா தெகாபு மூன்று தேர்தல் ஜெயித்தான். என் சொந்தப் பெரியம்மா மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், நம் தீவின் எம்.பி., அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன். மனுஷனுக்குப் பாறைமேல் அவ்வளவு பாசம், உடைத்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு என்ன பேசுவது என்ற கவலை வேறு. போன தேர்தலில் என் பழைய படகைப் புபுசி கேட்டு வாங்கிப் போனது உனக்கு நினைவிருக்கும். “ஒரே ஒரு வாரந்தான் தங்கச்சி, பத்திரமா கொண்டாந்து கட்டிடுறேன்” என்றான். இரண்டு மாதம் கழித்து வந்தது, இரண்டு துண்டாக. அதே பாறைதான். அன்று சாயங்காலமே மனேயபாக் கூடத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, “பாத்தீங்களா, இந்தப் பாறை எவ்வளவு ஆபத்துன்னு நான் தலதலயா அடிச்சிக்கிட்டேனா இல்லியா?” என்று அதையும் ஓட்டாக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு நாலு மாதம், சாமான் இறக்கிக் கரை சேர்க்கத் தீவில் வேறு படகு இல்லாமல், கப்பல் வந்து வெளியே நின்று மூட்டைகளைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனது. அந்த நாலு மாதத்தில்தான் வாத்தியார் மனைவியைப் பிரசவ வலியோடு பாய்மர ஓடத்தில் பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். காற்று எதிர்க்காற்று. போனது இரண்டு உயிர், திரும்பி வந்தது ஒன்று. இதில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

புதுப் படகு வாங்கியபோது அதனால்தான் உன் அப்பாவை விட்டுச் சிவப்புப் பெயின்டில் தாபேயா என்று முகப்பில் பெரிதாக எழுதவைத்தேன். கடையையும் நீ வெளிநாடு போன நாளிலிருந்தே உன்னுடையது என்றுதான் சொல்லிவருகிறேன். யார் வந்து எது கேட்டாலும், ஐயோ எனக்கென்ன இருக்கிறது, நான் வெறும் காவல், எல்லாம் என் மகளுடையது, அவளிடம் கேட்டு எழுதுகிறேன் என்பேன். பதினோரு வருஷமாக இந்த ஒரு வரியில்தான் அரிசி, மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் மிதக்கிறது, இப்போது படகும். இதில் உனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர், மறைப்பானேன், பசிபிக் கடலிலேயே மகா கஞ்சப் பெண்பிள்ளை நீதான் என்று இங்கே பாட்டுக் கட்டி ஆடுகிறார்கள், மெட்டு நன்றாகவே இருக்கிறது, உன் அப்பாவே மரத்தின்மேல் உட்கார்ந்து பாடுகிறார். போன வருஷம் ஒரு சின்ன சிக்கல் வந்தது. கப்பலில் வேலை பார்க்கிற ஒருவன் ரேடியோவில் கூப்பிட்டு, ஊரே கேட்க, தன் சித்தப்பா மகனுடைய பன்றியைப் புபுசி கேட்டான். பன்றிக்காரன் மனேயபாவுக்கு வந்து, “நேர்ல நின்னு கேக்கல, எங்கயோ கடல் நடுவுல இருந்து கேட்டா அது கேட்டதாகுமா?” என்று வாதாடினான். பெரியவர் பிரிபோ ஒரு புகை இழுத்துவிட்டு, “காதுல விழுந்துச்சா இல்லியா? வாய் எங்க இருந்தா உனக்கென்னடா?” என்றார். அதோடு விட்டாரா, “எழுதிக் கேட்டாலும் இதே கததான், கண்ணுல பட்டாச்சுன்னா கேட்டாச்சு, குடுத்தாகணும்” என்று சேர்த்துச் சொன்னார். நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட எத்தனையோ தடவை வாசிக்க வேண்டுமாம், பிரிபோவுக்கு ஒரு புகை போதும். தெகாபு முதல் வரிசையில் உட்கார்ந்து, “நல்ல தீர்ப்பு, நல்ல தீர்ப்பு” என்று தொடையைத் தட்டினான். அதற்கப்புறம் ஏழு பேர் உனக்குக் கடிதம் எழுதினார்கள். தபால் பை என் கடை வழியாகத்தான் போகிறது, இங்கே ஈரம் அதிகம், தாள் சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

இப்போது நாலாவது தேர்தல் வருகிறது. தெகாபுவுக்குப் படகு வேண்டும். போன ஞாயிறு மனேயபாவில் எல்லோருக்கும் புகையிலைக் கட்டு கொடுத்துவிட்டு எழுந்தான். கடல் நம்மை விழுங்கப்போவதைப் பற்றி ஆக்லாந்தில் ஒரு மாநாடாம், நம் கண்ணீரைக் கொண்டுபோய் உலகத்தின் முன்னால் வைக்கப்போகிறானாம். குளிர்சாதனப் பெட்டி வைத்த ஓட்டலில் கண்ணீர் கெடாமல் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “அப்படியே நம்ம மருமக வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வரேன் தங்கச்சி. படகு அவளோடதுதானே? நீ பாவம் வெறும் காவல்தானே? அவ கிட்டயே நேர்ல கேட்டுக்கறேன்” என்றான். கூரை அதிரக் கை தட்டினார்கள். பன்னிரண்டு வருஷ எம்.பி. வாழ்க்கையில் அவன் யோசித்துச் செய்த முதல் காரியம் இது, அதை நாட்டுக்காகச் செய்திருந்தால் பாறை என்றைக்கோ தூளாகியிருக்கும். நீ முடியாது என்றால் நாம் உறவில்லாதவர்கள். அம்மாவுடையது என்று உண்மையைச் சொன்னாய் என்றால், மறுநாள் காலையில் கடைவாசலில் இந்தத் தீவே வரிசையில் நிற்கும், அலமாரி சாயங்காலம் வரை தாங்காது. சரி என்றாய் என்றால் படகு பாறைக்குப் போகும். இந்த முறை பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி மறுபடியும் அந்த வாத்தியார் மனைவி. ஆறாம் மாதம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் படகு நல்லா இருக்கா என்றுதான் கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் தெகாபுதான், வேறு யார் வாராந்திர விமானத்தில் ஏறுகிறார்கள். “கடுதாசி எதுனா இருந்தா குடு தங்கச்சி, கையோட குடுத்துடறேன், பிரிச்சுப் பாக்கறவன் நான் இல்ல” என்று அவனாகவே கேட்டிருக்கிறான். நான் ஒன்றுமே சொல்லாதபோது அவன் சேர்த்துச் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடித்திருந்தது. எனவே கவனமாகக் கேள். இதை நீ படிக்கும்போது அவன் உன் வீட்டில்தான் இருப்பான். உட்கார வை, சர்க்கரை நிறையப் போட்டுத் தேநீர் கொடு, அவன் வாய் திறப்பதற்குள் உறை உன் கைக்கு எப்படி வந்தது என்று நினைத்துப் பார். நீல உறை, சீமைப்பலாப் பால் வைத்து ஒட்டியிருக்கிறேன், படகு ஓட்டையை அடைக்கிற அதே பால், பிரித்தால் கிழியும், கிழிந்தால் ஒட்டாது. தீவில் உறை விற்கிற கடை நம்முடையது ஒன்றுதான், நீல உறையில் இதுதான் கடைசி.

இனி வரும் நாலு வரி உனக்கில்லை. தெகாபு அண்ணா, மௌரி. விமானத்தில் படிக்கிறாயா, தாரவா விடுதியில் படிக்கிறாயா, எங்கே படித்தாலும் வெளிச்சத்தில் படி, உனக்குக் கண் மங்கல். மேலே எழுதியதில் ஏதாவது மனம் நோகும்படி இருந்தால் பொறுத்துக்கொள், அது உனக்கு எழுதியது இல்லை. இது உனக்கு எழுதியது. நம் பாட்டிமார் எலும்பு புதைத்த மண்மேல், பிரிபோ சொன்ன தீர்ப்பின்மேல் உன்னிடம் புபுசி கேட்கிறேன்: என் மகளிடம் எதுவும் கேட்காதே. கண்ணில் பட்டாகிவிட்டது. கொடுத்தாக வேண்டும். நீ தொடையைத் தட்டிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

தாபேயா, பிள்ளைகளுக்கு எலுமிச்சை கொடு, நாள் முழுவதும் சட்டைமேல் சட்டை போட்டு வளர்க்காதே, தோல் காற்றை மறந்துவிடும். முதியோர் இல்லத்தில் இரவு வேலையைக் குறைத்துக்கொள். அவன் எதையும் கேட்காமல் மாநாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் மட்டுமே பேசினால் மிச்சத்தை நீயே புரிந்துகொள், மரியாதைக்குக் குறை வைக்காதே, சோறு போட்டு அனுப்பு, என்ன இருந்தாலும் மாமன். நம் நாட்டில் மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் பேச்சை முடிக்கும்போது சொல்கிற மூன்றையும் உனக்கும் சொல்கிறேன், நலம், அமைதி, வளம். அவர்கள் சொல்லி வந்ததில்லை, அம்மா சொன்னால் வரும்.

மறக்காதே: நீல உறை கிழியாமல் முழுசாக வந்தால், அவன் கேட்டதும் படகை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடு. பன்னிரண்டு வருஷத்தில் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காத ஒருவன் நாடாளுமன்றத்தில் இருந்திருக்கிறான் என்றால், பாறையைக்கூட ஒருநாள் உடைத்துவிடுவான். அப்படி நடக்கும் என்று உன் அப்பா அடித்துச் சொல்கிறார். அவர் எல்லோரையும் நம்புகிறவர், அதனால்தான் இந்தக் கடிதத்தை விமானத் திடலுக்கு நடந்துபோய்க் கொடுக்கிறார்.

என்றும் உன் காவல்காரி,
அம்மா தெரேசியா