தீனாவை எடுக்கலாமா, நீயே சொல்

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது நீதான். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள், காயாத காலுறை, முட்டிக்குத் தேய்க்கிற தைலம், மூன்றும் கலந்த அந்த வாடை. "எலி ஏதாவது செத்துக் கெடக்கா பாருங்க" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். எலி இல்லை, என் சிநேகிதன் என்று சொல்ல வாயெடுத்தேன். உனக்கு மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நான் தேடியது நம் ஃபுட்பால் டீமின் தீர்மான நோட்டை. புதிதாக ஒருவனைச் சேர்க்க வேண்டுமென்றால் நோட்டில் தீர்மானம் எழுதி, சேர்க்கைப் பாரத்தில் கேப்டனும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் லீக் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். செயலாளர் இன்னும் நான்தான். "கால் சரியில்ல மாமே, ஆனா கையெழுத்து சோக்கா கீது" என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நீ கொடுத்த பதவி. யாரும் பிடுங்கவில்லை. வேறு யாருக்கும் வேண்டாம் என்பதுதான் காரணம்.

போன ஐப்பசி மழையோடு நீ கண்ணை மூடிய பிறகு கோல் கம்பத்துக்குக் கீழே யூசுப் நிற்கிறான். பூந்தமல்லி மெத்தைக்கடைக் குடும்பம், உனக்குத் தெரியும். கேப்டனும் அவன்தான். முப்பது வயசு, நேரத்துக்கு வருவான், நியாயம் பேசுவான். கோபம் வந்தால் கத்த மாட்டான், பேச்சை நிறுத்திவிடுவான். கத்துகிறவனைச் சமாளிக்கலாம். பேசாதவனை என்ன செய்வது?

இந்த சீசனில் நம்மிடம் கோல் போட ஆளே இல்லை. பந்தைக் கோல் வாசல் வரை அருமையாகக் கொண்டு போகிறார்கள். அங்கே போனதும், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்ட விருந்தாளி மாதிரி கூச்சப்பட்டு நின்றுவிடுகிறார்கள். மீதி இரண்டே ஆட்டம். ஒன்றிலாவது ஜெயிக்காவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் பாதிப் பேர் வேறு டீமுக்கு ஓடிவிடுவார்கள். அப்புறம் இந்த டிரங்குப் பெட்டிக்குத்தான் நான் செயலாளர்.

இந்த நேரத்தில்தான் கோவில்பதாகை தீனா வருகிறேன் என்கிறான். இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டே போகிறது. இரண்டாவது ஆளிடம் மாட்டிக்கொண்டான் என்று நாம் நினைக்கும்போது மூன்றாவது ஆளைத் தாண்டியிருக்கிறான். ஆனால் ஒரு டீமில் இடைவேளையில் ஜெர்சியைக் கழற்றி கோச் தோளில் போட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னொரு டீமில், பந்து கொடுக்கவில்லை என்று சொந்த ஆளையே பிடித்துத் தள்ளினான். மூன்றாவது டீமில் விசாரித்தேன். யாரைக் கேட்டாலும் பெருமூச்சு மட்டும் விட்டார்கள். எனக்கே தகவல் கிடைக்கவில்லையென்றால் அது எவ்வளவு பெரிய சமாச்சாரமாக இருக்கும், யோசித்துப் பார்.

"அவன் உள்ள வந்தா நான் வெளிய, அண்ணாத்தே" என்று யூசுப் சொல்லிவிட்டான். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டான். நாலு நாளாக எனக்குச் சாப்பாடு செரிக்கவில்லை.

உனக்கு செல்வம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அவன் ஞாபகம்தான். அவனைப் பற்றியும் எல்லோரும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். கள்ளிக்குப்பம் மைதானத்தில் அவனைக் கால் மணி நேரம் ஆடவிட்டுப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "பந்த பறிகுடுத்தா நிக்காம திரும்பி ஓடியாறான் மாமே. கோல்ல நிக்கிற எனக்குத்தான் அது தெரியும். எடு." எடுத்தோம். ஆறே வாரத்தில் டீம் இரண்டானது. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் பாதிப் பேர் பெஞ்சில், பாதிப் பேர் சைக்கிள்கள் பக்கம். கடைசியில் ஆறு பேர் விலகிப் போனார்கள்.

அன்றைய கூட்டத்தில் எல்லோரும் செல்வத்தைத் திட்டினார்கள். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அவன இட்டாந்தது நானு. என் தப்பு. எழுதிக்கோ." எழுதினேன். 'கேப்டனின் தவறான தேர்வே டீம் உடையக் காரணம்.' அதற்குக் கீழே அடிக்கோல் வைத்துக் கோடு வேறு போட்டேன். நீ கேப்டன் பதவியைக் கொடுத்துவிட்டு இரண்டு சீசன் வெறும் கோல்கீப்பராக நின்றாய்.

டீம் உடைந்தது உன் தேர்வால் இல்லை. ஆட்டம் முடிந்த எரிச்சலில் செல்வம் முணுமுணுத்ததை டிஃபென்ஸ்காரர்களிடம் கொண்டு போனவன் நான். அவர்கள் திருப்பிச் சொன்னதைச் செல்வத்திடம் சேர்த்தவனும் நான். போகும்போது கொஞ்சம் உப்பு, வரும்போது கொஞ்சம் காரம். எனக்கு யார் மீதும் பகை கிடையாது. டீ ஆறுவதற்குள் ஏதாவது சுவாரசியமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "எழுதிக்கோ" என்று நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே, தெரிந்துதான் சொன்னாயா? அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பன்னைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாய். ஒரு நாளும் நான் கேட்கவில்லை. நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

நேற்றுக் காலை தீனா மைதானத்துக்கு வந்தான். உன் பரீட்சையை வைத்துப் பார்த்தேன். முதல் தடவை பந்து பறிபோனதும் இடுப்பில் கை வைத்து நின்றான். இரண்டாம் தடவை ஓடி வந்தான். மூன்றாம் தடவை பாதித் தூரம் வந்தான். இதற்கு நான் எத்தனை மார்க் போடுவது?

பிறகு என் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தான்.

"ஆதார் ஜெராக்ஸ் இட்டாந்தியாப்பா?"

"இட்டாந்துகீறேன் சார். ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. அவரு யாரு, உங்க கேப்டனா? கோலுக்கு நிக்கிறாரா, பஸ்சுக்கு நிக்கிறாரா?"

சிரித்துத் தொலைத்துவிட்டேன், மாமே. ஏனென்றால் யூசுப் நிஜமாகவே அப்படித்தான் நிற்கிறான். ஒரு காலை மடக்கி, இடுப்பில் கை வைத்து, ரோட்டைப் பார்த்தபடி. அந்த நொடியிலிருந்து இதை யார் யாரிடம் சொல்லலாம் என்ற வரிசை தானாக எனக்குள் ஓட ஆரம்பித்தது. முதலில் டீக்கடை, அப்புறம் இரண்டு டிஃபென்ஸ்காரர்கள், அப்புறம் டீமின் வாட்ஸ்அப் குழு. என்னை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது.

இன்று சாயங்காலம் யூசுப் வீட்டுக்கு வந்தான். பாரத்தைத் தொடக்கூட இல்லை. நோட்டைப் புரட்டி, செல்வம் விஷயமாக நான் எழுதிய பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"பாரு அண்ணாத்தே. இதே மாதிரி ஒருத்தன் வந்தான், டீமு பூட்ச்சி. அண்ணனே தப்பு பண்ணிகீறாரு. நாம எம்மாத்திரம்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். தீனா வேண்டாம் என்றாகிவிடும், யூசுப் இருப்பான், என் மானமும் இருக்கும். ஆனால் நீ தேய்த்த தைலத்தின் வாடை இன்னும் போகாத அறையில் உட்கார்ந்து, உன் கையுறையைப் போட்டுக்கொள்கிறவன் "அண்ணனே தப்பு பண்ணிகீறாரு" என்கிறான்.

"அது அண்ணன் தப்பில்ல யூசுப்."

"பின்ன யாரு தப்பு?"

"என்னுது."

எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, காரம், அடிக்கோல் உட்பட. அடுப்படியில் மிக்சி சத்தம் நின்றது. என் மனைவியும் கேட்கிறாள் என்று தெரிந்தது. யூசுப் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தான். செத்தேன் என்று நினைத்தேன்.

"அப்போ எடுக்கக் கூடாத ஆளு உள்ளயே இருந்துகீறான்" என்றான் கடைசியில். "இத்தினி வருசம் அண்ணன் பேர்ல கீது இது. உனக்கு சோறு எறங்குச்சா?"

"எறங்குச்சுப்பா. அதான் கேவலம்."

பேனாவை என்னிடம் நீட்டினான். "அதுக்குக் கீழயே எழுது." எழுதினேன். நீ மெச்சிய கையெழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. எழுதி முடித்ததும் அதே பேனாவால் அவன் தீனாவின் பாரத்தில் கையெழுத்துப் போட்டான்.

"இருக்கறது ரெண்டே ஆட்டம். அவன் கத்துனா நான் அவங்கிட்டயே பேசிக்கிறேன். அவன் இன்னா சொன்னாலும் நேரா எங்கிட்ட வரட்டும். நடுவுல நீ வராத, அண்ணாத்தே."

சரி என்றேன். வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டவன், வண்டியைக் கிளப்பாமல் திரும்பினான்.

"நேத்து கிரவுண்டுல எம்பக்கம் கையக் காட்டி அவன் இன்னாவோ சொன்னான். நீ சிரிச்ச. இன்னா சொன்னான்?"

அந்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. உப்புக்கூடச் சேர்க்க வேண்டாம், அப்படியே பரிமாறலாம்.

"ஆதார்ல அவன் மூஞ்சி திருடன் மாதிரி கீதாம்" என்றேன்.

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டான். நம்பினானா தெரியாது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஜெயிப்போமா, இடைவேளையில் ஜெர்சி என் தோளில் வந்து விழுமா, ஒன்றும் தெரியவில்லை. செய்தது சரிதானா என்றும் தெரியவில்லை. யூசுப் போனதும் "அந்தப் பையன் நிஜமா என்ன சொன்னான்?" என்று என் மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன எதையும் நீ உயிரோடு இருந்தபோதே இன்னொரு காதுக்குக் கொண்டு போனதில்லை. என் வாழ்க்கையில் யாரிடமும் சேர்க்காமல் வைத்துக்கொண்டிருக்கிற முதல் வார்த்தை இது. ஒரே ஒரு வரிதான். இத்தனை கனமாக இருக்கும் என்று நீ சொல்லவே இல்லையே, மாமே.